கெர்னல் மாறினாலும் ஃபயர்வால் விதிகள் உடையாமல் இருப்பது எப்படி?

கணினிக்கு வந்து போகும் நெட்வொர்க் தகவலை விதிப்படி அனுமதிக்கும் அல்லது தடுக்கும் லினக்ஸ் ஃபயர்வால் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கருத்துகள் தவறாமல் காதில் விழும். "கெர்னலை அப்டேட் செய்தால் ஐபிடேபிள்ஸையும் அதற்கு ஜோடியான பதிப்புக்கு மாற்றியே ஆக வேண்டும்" என்பது ஒன்று. (ஃபயர்வால் விதிகளை எழுத உதவும் கட்டளை ஐபிடேபிள்ஸ்.) "லினக்ஸில் எதுவும் நிலையாக இருக்காது, இன்று ஓடும் விதி நாளை ஓடாது" என்பது இன்னொன்று. இரண்டுமே சரியல்ல. ஆனால் இவற்றை நம்பி, பாதுகாப்புத் திருத்தம் உள்ள கெர்னலைக்கூட மாதக்கணக்கில் போடாமல் தள்ளிவைப்பவர்கள் இருக்கிறார்கள். ஃபயர்வால் நின்றுவிடுமோ என்ற பயத்தில் சர்வரையே ஓட்டையோடு விட்டுவைக்கிறார்கள். இந்தப் பயம் எதற்குத் தேவை, எதற்குத் தேவையில்லை என்று பிரித்துச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நிரல் எழுதத் தெரியாதவர்களும் கடைசிவரை படிக்கலாம்.

## ஃபயர்வால் எங்கே இருக்கிறது?

ஐபிடேபிள்ஸ்தான் ஃபயர்வால் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு கட்டளை மட்டுமே. நீங்கள் அதைத் தட்டச்சு செய்து என்டர் அழுத்தினால், கண் இமைக்கும் நேரத்தில் வேலையை முடித்துவிட்டு வெளியேறிவிடுகிறது. அதன் பிறகு வந்து போகும் ஒவ்வொரு பாக்கெட்டையும், அதாவது நெட்வொர்க்கில் பயணிக்கும் ஒவ்வொரு தகவல் துண்டையும், நிறுத்திப் பார்ப்பது அது அல்ல.

பார்ப்பது கெர்னல். வன்பொருளை நேரடியாகக் கையாளும், இயங்குதளத்தின் உள்மையப் பகுதிக்குப் பெயர் கெர்னல். அதற்கு வெளியே ஓடும் எல்லா நிரல்களும் சேர்ந்து யூசர்ஸ்பேஸ். பிரவுசர், ஷெல், ஐபிடேபிள்ஸ் கட்டளை, அதற்குப் பின் வந்த என்எஃப்டி கட்டளை எல்லாம் அந்தப் பக்கம். லினக்ஸ் கெர்னலுக்குள் பாக்கெட்டுகளைச் சோதிக்கும் பகுதியின் பெயர் நெட்ஃபில்டர். 1998-இல் ரஸ்டி ரஸ்ஸல் தொடங்கிய திட்டம் இது. 2001-இல் வெளியான 2.4 கெர்னலோடு பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது.

ஆக, விதியை எழுதுகிறவர் ஒரு பக்கம், அதைச் செயல்படுத்துகிறவர் மறுபக்கம். இரண்டும் தனித்தனியாக எழுதப்பட்டு, தனித்தனியாக வெளியிடப்பட்டு, தனித்தனியாக நிறுவப்படும் மென்பொருள்கள். விதி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போகும் அந்த எல்லைக்கோட்டில்தான் இந்தக் கட்டுரையின் விஷயம் முழுவதும் இருக்கிறது.

## எது நிலையானது, எது இல்லை?

லினக்ஸில் எதுவும் நிலையாக இல்லை என்ற பேச்சுக்கு ஒரு காரணம் உண்டு. கெர்னலின் உள்ளே ஒரு பகுதி இன்னொரு பகுதியை அழைக்கும் முறைகள் உண்மையிலேயே மாறிக்கொண்டே இருக்கும். அவற்றை நிலையாக வைத்திருக்கப்போவதில்லை என்று கெர்னல் குழுவினர் தங்கள் ஆவணங்களிலேயே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள். கெர்னல் மூலநிரலுக்கு வெளியே வளரும் எக்ஸ்டேபிள்ஸ்-ஆட்ஆன்ஸ் போன்ற மாட்யூல் தொகுப்புகள் இதனால் பாதிக்கப்படும். (கெர்னலோடு தேவைக்கேற்ப இணைக்கும் துணை நிரலுக்கு மாட்யூல் என்று பெயர்.) புதிய கெர்னல் வந்தால் அவற்றைத் திரும்பக் கம்பைல் செய்ய வேண்டும், சில சமயம் திருத்தியும் எழுத வேண்டும். இங்கே அடிபட்டவர்கள்தான் பெரும்பாலும் "எதுவும் நிலையாக இல்லை" என்று சொல்கிறார்கள்.

ஆனால் கெர்னலுக்கும் யூசர்ஸ்பேஸுக்கும் இடையிலான எல்லைக்கு விதி நேர்மாறானது. நேற்று ஓடிய நிரல் கெர்னல் மாற்றத்தால் இன்று ஓடவில்லை என்றால், பிழை கெர்னலுடையது. நிரல்மீது பழி போடக் கூடாது. 2012 டிசம்பரில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தன் சக நிரலாளர் ஒருவரை மிகக் கடுமையாகக் கண்டித்து எழுதியது இந்த ஒரு கொள்கைக்காகத்தான். அதே ஆண்டு 3.7 கெர்னலில், வெளியே தெரியும் வரையறைகளையெல்லாம் பிரித்து 'யுஏபிஐ' என்ற தனி அடைவில் வைத்தார்கள். அந்த அடைவில் இருக்கும் கோப்பைத் தொடுகிறவர், உலகில் எங்கோ ஓடும் பழைய நிரல் ஒன்றைத் தொடுகிறார்.

இணக்கத்துக்கு இரண்டு திசைகள் உண்டு. பழைய கட்டளை, புதிய கெர்னல்: இது ஓட வேண்டும், உறுதி அளிக்கப்பட்டது. புதிய கட்டளை, பழைய கெர்னல்: புதிய வசதி அங்கே இல்லாததால் எல்லாமே ஓடும் என்று உறுதி தர முடியாது. அப்படி ஓடாதபோது, ஓடவில்லை என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது திசையை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஃபயர்வாலில் உயிர்நாடி அதுதான் என்பது என் கருத்து. ஏன் என்பது போகப்போகப் புரியும்.

சுருக்கமாக: கெர்னலின் உள்ளே மாறலாம். எல்லைக்கோட்டில் மாறக் கூடாது. பதிப்பு எண்கள் ஜோடி சேர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

## கட்டங்கள் போட்ட படிவம்

எல்லைக்கோட்டைக் கடந்து விதி எப்படிப் போகிறது என்று பார்ப்போம். ஒரு அச்சிட்ட விண்ணப்பப் படிவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டங்கள் மட்டும் இருக்கின்றன, கட்டங்களுக்குத் தலைப்பு இல்லை. முதல் 20 கட்டம் பெயர், அடுத்த 8 கட்டம் பிறந்த தேதி, அடுத்த 10 கட்டம் தொலைபேசி எண். எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் இந்த ஏற்பாடு தெரியும் என்பதால் தலைப்பே தேவையில்லை. எழுதுவதும் வேகம், படிப்பதும் வேகம்.

இப்போது அலுவலகம் பெயருக்கு 25 கட்டம் என்று மாற்றுகிறது. வெளியே இருப்பவர் பழைய படிவத்தையே நிரப்பிக் கொடுக்கிறார். படிக்கிறவர் பிறந்த தேதியின் பாதியைப் பெயர் என்று படிப்பார், தொலைபேசி எண்ணைத் தேதி என்று படிப்பார். ஒரு கட்டமும் காலியாக இல்லை, ஆனால் படித்தது அத்தனையும் தவறு.

ஐபிடேபிள்ஸ் கட்டளையும் கெர்னலும் பேசிக்கொள்வது இந்த முறையில்தான். சி மொழியில் இதற்கு ஸ்ட்ரக்ட் என்று பெயர்: எந்தத் தகவல் எத்தனையாவது பைட்டில் தொடங்கி எத்தனை பைட் நீளும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்த அமைப்பு. கட்டளை ஒரு முழு டேபிளையும், அதாவது விதிகளின் ஒரு தொகுப்பையும், இப்படி பைட்டுகளாக அடுக்கி, ஒரே மூட்டையாகக் கெர்னலிடம் தருகிறது. கெர்னல் அதைத் தன் அளவுகோலால் படிக்கிறது. நடுவில் ஒரு எண்ணை 4 பைட்டிலிருந்து 8 பைட்டாக அகலப்படுத்தினாலே, அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் இடம் பெயர்ந்துவிடும்.

இந்த ஆபத்துக்கு முதல் தடுப்பு, அளவுச் சோதனை. ஒவ்வொரு மேட்ச்சும் எத்தனை பைட் வர வேண்டும் என்று கெர்னலுக்குத் தெரியும். (ஒரு விதியின் நிபந்தனைப் பகுதிக்கு மேட்ச் என்று பெயர். நிபந்தனை பொருந்தினால் என்ன செய்வது என்பது டார்கெட்.) வந்த அளவு வேறாக இருந்தால் விதியை ஏற்காமல், "அளவு தவறு, கெர்னலில் இவ்வளவு, யூசரில் இவ்வளவு" என்ற பொருளில் கெர்னல் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டுத் திருப்பி அனுப்பும். ஆனால் அளவு மாறாமல் பொருள் மட்டும் மாறியிருந்தால் இந்தச் சோதனை உதவாது. அதனால்தான் ஏற்கெனவே வெளியான ஒரு கட்டத்தின் பொருளை மாற்றவே கூடாது என்பது எழுதப்படாத சட்டம்போல் கடைப்பிடிக்கப்படுகிறது.

## ஒரு பைட்டில் கிடைத்த வழி

பொருளையும் அகலத்தையும் மாற்றக் கூடாது என்றால் ஒரு மேட்ச்சுக்குப் புதிய வசதி சேர்ப்பது எப்படி? படிவத்தின் மூலையில் "திருத்தம் 2" என்று அச்சிடுவதுதான் வழி. பழைய படிவமும் செல்லும், புதியதும் செல்லும். எது வந்திருக்கிறது என்று பார்த்து அதற்கேற்பப் படித்துக்கொள்ளலாம்.

ஆனால் நெட்ஃபில்டரின் முதல் வடிவத்தில் திருத்த எண் எழுத இடமே விட்டிருக்கவில்லை. புதிதாக ஒரு கட்டம் சேர்த்தால் எல்லாம் நகர்ந்துவிடும். அப்போது அவர்கள் கண்டுபிடித்த தீர்வு எனக்கு இன்றும் பெரிய வியப்பைத் தருகிறது. மேட்ச்சின் பெயருக்கு 30 பைட் ஒதுக்கியிருந்தார்கள். அவ்வளவு நீளமான பெயர் எதுவும் இல்லை, மீதி இடங்களில் பூஜ்ஜியமே இருந்தது. அந்த 30-இல் கடைசி பைட்டை எடுத்துத் திருத்த எண்ணுக்குக் கொடுத்தார்கள். பெயருக்கு 29, திருத்தத்துக்கு 1. மொத்த அளவு மாறவில்லை. திருத்த எண் என்ற ஒன்றையே அறியாத பழைய கட்டளை அந்த இடத்தில் வழக்கம்போல் பூஜ்ஜியம் அனுப்பும். புதிய கெர்னல் அதை "திருத்தம் 0" என்று படிக்கும். பழைய நிரலைத் தொடாமலே அதற்கு ஒரு திருத்த எண் கிடைத்துவிட்டது.

இது எப்படிப் பயன்படுகிறது என்பதற்கு ஹேஷ்லிமிட் நல்ல எடுத்துக்காட்டு. ஒரு முகவரியிலிருந்து நொடிக்கு இத்தனை பாக்கெட்டுக்குமேல் வரக் கூடாது என்று கட்டுப்படுத்த உதவும் மேட்ச் இது. அதன் 1-ஆம் திருத்தத்தில் உச்சவரம்பு நொடிக்கு 10,000 பாக்கெட். நெட்வொர்க் வேகம் ஏறியபோது அது போதவில்லை. 10 லட்சம்வரை கொண்டுபோக வேண்டுமானால் வேகத்தைக் குறிக்கும் எண்களை 64 பிட்டாக (8 பைட்டாக) அகலப்படுத்த வேண்டும், அதாவது கட்டத்தின் அகலம் மாறும். எனவே 2016-இல் வெளியான 4.9 கெர்னலில் 2-ஆம் திருத்தத்தைச் சேர்த்தார்கள். 1-ஆம் திருத்தத்தைப் படிக்கும் நிரலை எடுக்கவில்லை. பின்னால் 3-ஆம் திருத்தமும் வந்தது, பழையவை அப்படியே இருந்தன.

கட்டளையின் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது. விதியை அனுப்புவதற்கு முன் கெர்னலைக் கேட்கிறது: ஹேஷ்லிமிட்டில் 3-ஆம் திருத்தம் உனக்குத் தெரியுமா? தெரியாது என்றால் 2. அதுவும் தெரியாது என்றால் 1. இரு பக்கமும் அறிந்த மிகப் புதிய திருத்தத்தில் பேச்சு நடக்கும். பதிப்பு எண்கள் ஜோடி சேர வேண்டியதில்லை என்று மேலே சொன்னது இதனால்தான். ஒவ்வொரு மேட்ச்சும் தனித்தனியாகப் பேசித் தீர்த்துக்கொள்கிறது.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பயனர் நொடிக்கு 5 லட்சம் என்று கேட்கிறார், கெர்னலுக்கு 1-ஆம் திருத்தம் மட்டுமே தெரியும் என்று வைத்துக்கொள்வோம். கட்டளை தானாகவே 10,000 என்று குறைத்து எழுதி அனுப்பலாமா? கூடாது. முடியாது என்று சொல்லி நிறுத்த வேண்டும். கேட்டதற்குக் கிட்டத்தட்டப் பொருந்தும் ஒன்றை அமைதியாக அமைத்துவிடும் ஃபயர்வாலை எந்த நிர்வாகியும் நம்ப முடியாது.

## ஒரே படிவம், இரண்டு அளவுகோல்

பல ஆண்டுகள் தொல்லை கொடுத்த சிக்கல் ஒன்று: 64 பிட் கெர்னலில் ஓடும் 32 பிட் கட்டளை. 32 பிட் எக்ஸ்86 கணினியில் ஒரு 64 பிட் எண், 4-இன் மடங்கான எந்த இடத்திலும் தொடங்கலாம். 64 பிட் எக்ஸ்86-இல் அது 8-இன் மடங்கில்தான் தொடங்கும். இடையில் தேவைப்பட்டால் கம்பைலர் 4 பைட் காலி இடம் விட்டுவிடும். மூலநிரல் ஒன்றே, ஸ்ட்ரக்ட் ஒன்றே. ஆனால் பைட் அடுக்கு வேறு. நினைவகத்தின் முகவரியைக் குறிக்கும் பாயின்டர் ஸ்ட்ரக்ட்டுக்குள் இருந்தால் இன்னும் மோசம், அதன் அகலமே ஒரு பக்கம் 4, மறுபக்கம் 8.

இதைச் சமாளிக்கக் கெர்னலுக்குள் ஒரு மொழிபெயர்ப்பு அடுக்கு எழுதினார்கள். 32 பிட் கட்டளை அனுப்பும் மூட்டையை அது 64 பிட் வடிவுக்கு மாற்றி அடுக்கும். கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த வேலையில்தான் நெட்ஃபில்டர் வரலாற்றின் பெரிய பாதுகாப்பு ஓட்டைகளில் ஒன்று ஒளிந்திருந்தது. மாற்றி அடுக்கும்போது இறுதியில் வரும் காலி இடத்தைப் பூஜ்ஜியத்தால் நிரப்பும் வரி, ஒதுக்கிய நினைவகத்துக்கு வெளியே சில பைட்டுகளைத் தாண்டி எழுத முடிந்தது. எழுதப்பட்டது வெறும் பூஜ்ஜியங்கள்தான். அதை வைத்தே சாதாரணப் பயனர் ஒருவர் கணினியின் முழுக் கட்டுப்பாட்டைத் தரும் ரூட் அதிகாரம் பெற முடியும் என்று கூகுளின் பாதுகாப்பு ஆய்வாளர் ஆன்டி நுயென் நிரூபித்தார். சிவிஇ-2021-22555 என்று எண் இடப்பட்ட இந்தப் பிழை 2006-இன் 2.6.19 கெர்னலில் புகுந்தது. 2021-இல்தான் திருத்தப்பட்டது. 15 ஆண்டுகள்.

இணக்கம் இலவசமாகக் கிடைப்பதில்லை. பழையதைத் தாங்கும் ஒவ்வொரு வரியும் யாரோ பராமரிக்க வேண்டிய வரி. அதிகம் பேர் ஓட்டாத பாதை என்பதால் சோதனையும் குறைவு. பிந்தைய வடிவமைப்புகளில் 64 பிட் எண் எந்தக் கணினியிலும் 8-இன் மடங்கிலேயே தொடங்கும்படி வெளிப்படையாக எழுதுகிறார்கள். அப்படி எழுதிவிட்டால் மொழிபெயர்ப்பே தேவைப்படாது.

இதுவரை பார்த்தது: ஐபிடேபிள்ஸ் இடத்தை வைத்துப் பொருள் கொள்ளும் முறை. வேகமானது, ஆனால் விறைப்பானது. திருத்த எண்ணும் அளவுச் சோதனையும் அதைக் காப்பாற்றுகின்றன. 32, 64 பிட் வேறுபாடு அதன் பலவீனம்.

## தலைப்போடு வரும் தகவல்

2014 ஜனவரியில் வெளியான 3.13 கெர்னலில், ஐபிடேபிள்ஸுக்கு மாற்றாக என்எஃப்டேபிள்ஸ் வந்தது. அதன் கட்டளைதான் என்எஃப்டி. பேட்ரிக் மெக்ஹார்டி தொடங்கி, பாப்லோ நெய்ரா ஆயுசோ முன்னெடுத்த வேலை அது. எல்லைக்கோட்டைக் கடக்கும் முறையையே இது மாற்றியது. கெர்னலோடு செய்தி பரிமாற லினக்ஸில் நெட்லிங்க் என்ற வழி முன்பே இருந்தது. என்எஃப்டேபிள்ஸ் அதைப் பயன்படுத்தியது.

நெட்லிங்க் செய்தியில் ஒவ்வொரு தகவலும் ஒரு தனித் துண்டு. அதற்கு ஆட்ரிப்யூட் என்று பெயர். துண்டின் தொடக்கத்தில் 2 பைட் நீளம், 2 பைட் வகை எண், பிறகு உள்ளடக்கம். படிவத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் தலைப்பு எழுதிவிட்டதுபோல. புதிய துண்டு சேர்ந்தால் மற்றவை நகர்ந்து பொருள் மாறுவதில்லை. தெரியாத வகை எண் வந்தால், நீளம் தெரியும் என்பதால் அதைத் தாண்டி அடுத்ததைப் படிக்கலாம். இங்கே நிரலாளர் கடைப்பிடிக்க வேண்டியவை குறைவு: புதிய வகை எண்ணைப் பட்டியலின் கடைசியில்தான் சேர்க்க வேண்டும், நடுவில் செருகக் கூடாது, கைவிட்ட எண்ணை வேறு பொருளுக்குத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது.

"அப்படியானால் சிக்கல் தீர்ந்தது, தெரியாததைத் தாண்டிப் போகலாம்" என்று பல விளக்கங்கள் இந்த இடத்தில் முடிந்துவிடுகின்றன. ஃபயர்வாலைப் பொறுத்தவரை இது ஆபத்தான முடிவு. ஒரு விதி: "இந்த நேரத்துக்குள் வரும் இணைப்புகளை மட்டும் அனுமதி." நேரத்தைச் சொல்லும் பகுதி பழைய கெர்னலுக்குப் புரியவில்லை, தாண்டிவிட்டது என்று கொள்வோம். மிஞ்சுவது "இணைப்புகளை அனுமதி." எல்லா நேரமும், எல்லோருக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. நிர்வாகி பாதுகாப்பாக இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பார். படம் காட்டும் மென்பொருளில் புரியாததைத் தாண்டினால் ஒரு மூலை சரியாகத் தெரியாது, அவ்வளவுதான். ஃபயர்வாலில் அதுவே கதவைத் திறந்துவிடும்.

இதனால் என்எஃப்டேபிள்ஸ் நிபந்தனையைத் துணைத் தகவலாக வைக்காமல் தனி எக்ஸ்பிரஷனாக வைத்திருக்கிறது. பாக்கெட்டிலிருந்து இந்த பைட்டுகளை எடு, இதோடு ஒப்பிடு, இந்தப் பட்டியலில் தேடு என்பவை போன்ற சிறு செயல்களுக்கு எக்ஸ்பிரஷன் என்று பெயர். ஒரு விதி இவற்றின் வரிசை. கெர்னலுக்குத் தெரியாத எக்ஸ்பிரஷன் வந்தால் அது தாண்டிப் போகாது, விதியையே மறுக்கும். தெரியாத ஃபிளாக் (ஒரு வசதியை இயக்கும் குறி) வந்தாலும் அப்படியே. ஒரே தொகுப்பாக அனுப்பிய 100 விதிகளில் ஒன்று மறுக்கப்பட்டாலும் 100-உம் மறுக்கப்படும், முன்பு இருந்த விதிகள் அப்படியே தொடரும். பாதி மாறி பாதி மாறாத ஃபயர்வால் ஒருபோதும் உருவாவதில்லை.

நெட்லிங்க்கிலேயே, தெரியாத ஆட்ரிப்யூட்டை மறுக்கும் கண்டிப்பான சரிபார்ப்பு 2019-இல், 5.2 கெர்னலில் வந்தது. ஆனால் ஏற்கெனவே இருந்த இடைமுகங்களில் அதைக் கட்டாயமாக்க முடியவில்லை. கண்டிப்பில்லாத காலத்தில் தவறான துண்டுகளை அனுப்பிப் பழகிய நிரல்கள் அதனால் உடையும். முதல் நாளே கண்டிப்பாக இருந்திருந்தால் பிறகு தளர்த்தலாம். தளர்வாகத் தொடங்கியதை இறுக்குவது ஏறக்குறைய நடக்காத காரியம். எதிர்காலத்துக்காக ஒதுக்கிய இடத்தில் பூஜ்ஜியம்தான் இருக்கிறதா என்று இன்றே சோதிக்கச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். சோதிக்காமல் விட்டால் யாரோ அங்கே குப்பையை அனுப்பியிருப்பார்கள், அந்த இடம் பிறகு யாருக்கும் பயன்படாது.

## திரும்பிப் படிக்கும்போது

விதி கெர்னலுக்குள் போவது பாதிக் கதை. நிர்வாகியோ நிரலோ பிறகு "என்னென்ன விதிகள் இருக்கின்றன?" என்று கேட்கும்போது அது திரும்பி வர வேண்டும். இந்தத் திசையில் இணக்கம் உடைவதைப் பலர் எதிர்பார்ப்பதே இல்லை.

கெர்னல் இங்கேயும் கவனமாக இருக்கிறது. என்எஃப்டேபிள்ஸில் எக்ஸ்பிரஷன்கள் தற்காலிகமாக மதிப்புகளை வைக்கும் இடம் ரெஜிஸ்டர். தொடக்கத்தில் 16 பைட் அகலத்தில் 4 ரெஜிஸ்டர்கள் இருந்தன. 2015-இல் 4.1 கெர்னலில் அதே இடத்தை 4 பைட் வீதம் 16 ரெஜிஸ்டர்களாகப் பிரித்தார்கள். பழைய எண்களையும் கெர்னல் இன்றுவரை ஏற்கிறது. திருப்பிச் சொல்லும்போதும், பழைய எண்ணால் குறிப்பிட முடிகிற இடத்துக்குப் பழைய எண்ணையே சொல்கிறது. பழைய கட்டளை கேட்டாலும் விளங்கட்டும் என்பதற்காக.

ஆனால் கெர்னல் எவ்வளவு கவனமாக இருந்தாலும் காப்பாற்ற முடியாத இடம் ஒன்று உண்டு. 2018-இல் வெளியான ஐபிடேபிள்ஸ் 1.8.0-இலிருந்து அந்தக் கட்டளைக்கு இரண்டு வடிவங்கள். பழைய வழியிலேயே பேசும் லெகசி வடிவம் ஒன்று. அதே பழைய கட்டளைச் சொற்களை வாங்கிக்கொண்டு, உள்ளே என்எஃப்டேபிள்ஸாக மாற்றிக் கெர்னலிடம் தரும் என்எஃப்டி வடிவம் இன்னொன்று. ஆண்டுக்கணக்கில் சேர்ந்த ஸ்கிரிப்டுகள் ஓடட்டும் என்பதற்காக வந்த பாலம் அது. தொடக்கத்தில் மேட்ச்சுகள் பெரும்பாலும் தங்கள் பழைய ஸ்ட்ரக்ட் வடிவத்திலேயே உள்ளே போயின. 2022-இல் வந்த 1.8.8-இல் மார்க் (பாக்கெட்டுக்குக் கெர்னல் உள்ளே இடும் அடையாள எண்ணைப் பார்ப்பது) போன்ற சில மேட்ச்சுகளை என்எஃப்டேபிள்ஸின் சொந்த எக்ஸ்பிரஷன்களாக எழுதத் தொடங்கினார்கள். கெர்னலுக்கு இதில் எந்தச் சிரமமும் இல்லை, எப்போதோ ஆதரிக்கும் எக்ஸ்பிரஷன்கள்தான்.

ஒரே கணினியில் இரண்டு பதிப்புகள் இருந்தபோது சிக்கல் வெடித்தது. ஹோஸ்ட்டில், அதாவது கணினியின் முதன்மை அமைப்பில், புதிய 1.8.8. கன்டெய்னருக்குள், அதாவது தனியாகப் பிரித்து ஓட்டப்படும் நிரல் தொகுப்புக்குள், அதற்கு முந்தைய பதிப்பு. இரண்டும் ஒரே கெர்னலில், ஒரே விதிகளைத் தொடுகின்றன. "இந்த மார்க் உள்ள பாக்கெட்டுகளைத் தூக்கி எறி" என்ற விதியை ஹோஸ்ட் எழுதியது. கன்டெய்னரிலிருந்த பழைய கட்டளை அதைப் படித்தபோது மார்க் நிபந்தனை எழுதப்பட்ட புதிய விதம் அதற்குப் புரியவில்லை. புரிந்த பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டது: "தூக்கி எறி." அப்படிப் படித்ததைச் சேமித்துத் திரும்ப ஏற்றினால், எல்லாப் பாக்கெட்டுகளையும் எறியும் விதியாகிவிடும். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டீஸைப் பயன்படுத்தியவர்கள் இதை நேரடியாகச் சந்தித்தார்கள்.

இதில் கெர்னலின் எல்லைக்கோடு ஒரு மயிரிழையும் மீறப்படவில்லை. இரண்டு யூசர்ஸ்பேஸ் நிரல்கள் கெர்னலை நடுவில் வைத்துத் தமக்குள் பேசிக்கொண்டன, அந்தப் பேச்சுக்கு யாரும் உறுதி கொடுத்திருக்கவில்லை. நான் மேலே "தெரியாததைத் தாண்டாதே" என்று சொன்ன பாடம் படிக்கும் பக்கத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. புரியாத எக்ஸ்பிரஷன் உள்ள விதியைப் படிக்கும் கட்டளை, "இதை என்னால் முழுதாகக் காட்ட முடியாது" என்று சொல்ல வேண்டும். பாதியைக் காட்டி முழுசு என்று நம்பவைக்கக் கூடாது.

சுருக்கமாக: எழுதும்போது தெரியாததை மறுக்க வேண்டும், படிக்கும்போது புரியாததை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டிலும் மௌனம்தான் எதிரி.

## விலக்குவதும் ஒரு முறையோடு

பழையதை என்றென்றைக்கும் சுமக்க வேண்டுமா என்று கேட்கலாம். இல்லை. ஐபிஎஃப்டபிள்யூஅட்மின், ஐபிசெயின்ஸ், ஐபிடேபிள்ஸ், என்எஃப்டேபிள்ஸ் என்று லினக்ஸ் ஃபயர்வால் நான்கு கருவிகளைக் கண்டிருக்கிறது. 2.4 கெர்னல் வந்தபோது முதல் இரண்டின் கட்டளைகளும் ஓடுவதற்குத் தனி மாட்யூல்கள் தந்தார்கள். பல ஆண்டு கழித்தே எடுத்தார்கள். பாக்கெட்டுகளை யூசர்ஸ்பேஸுக்கு அனுப்பும் ஐபி-க்யூ 2012-இல் 3.5 கெர்னலில் நீக்கப்பட்டது, பாக்கெட்டுகளைப் பதிவு செய்ய உதவிய யுலாக் டார்கெட் 2014-இல் 3.17-இல் நீக்கப்பட்டது. இரண்டுக்கும் மாற்று வந்து நெடுங்காலம் ஆன பிறகே அது நடந்தது. இணைப்பின் நிலையைப் பார்க்கும் ஸ்டேட் மேட்ச் இன்னொரு வகை: பல ஆண்டுகளாக அது உள்ளே கனெக்ஷன்-டிராக் மேட்ச்சாகவே மாற்றப்படுகிறது, ஆனால் ஸ்டேட் என்று எழுதிய பழைய ஸ்கிரிப்டுகள் எதையும் திருத்த வேண்டியதாகவில்லை.

## உங்கள் கணினியில் எதைப் பார்ப்பது?

கெர்னல் அப்டேட்டுக்குப் பின் ஒரு விதி ஏறவில்லை என்றால், முதலில் பதிப்பு எண்களை ஒப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டாம். பிழைச் செய்தியைப் படியுங்கள். "அந்தப் பெயரில் செயின் (டேபிளுக்குள் இருக்கும் விதி வரிசை), டார்கெட், மேட்ச் எதுவும் இல்லை" என்ற பொருளில் ஐபிடேபிள்ஸ் சொன்னால், பெயரை நீங்கள் தவறாக எழுதியிருக்கலாம், அல்லது அந்த மாட்யூல் உங்கள் கெர்னலில் சேர்க்கப்படாமல் இருக்கலாம். என்எஃப்டி கட்டளை "விதியைச் செயல்படுத்த முடியவில்லை: அப்படியொரு கோப்போ அடைவோ இல்லை" என்று சொல்வதைப் பார்த்துக் காணாமல்போன கோப்பைத் தேடி அலைகிறவர்கள் உண்டு. அங்கே பெரும்பாலும் கோப்பு எதுவும் காணாமல் போகவில்லை. விதி குறிப்பிடும் டேபிளோ செயினோ எக்ஸ்பிரஷனோ கெர்னலிடம் இல்லை என்பதே அதன் பொருள். "தவறான உள்ளீடு" என்று மட்டும் வந்தால் கெர்னல் பதிவேட்டைத் திறந்து பாருங்கள், அளவு பொருந்தாத மேட்ச்சின் பெயர் அங்கே இருக்கலாம்.

விதி ஏறிவிட்டது, ஆனால் வேலை செய்யவில்லை என்றால் அடுத்த சந்தேகம் இரண்டு வடிவங்களின்மீது. ஐபிடேபிள்ஸின் பதிப்பைக் கேட்டால், எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் லெகசியா என்எஃப்டேபிள்ஸா என்று சொல்லும். ஒரே கெர்னலில் இரண்டு தொகுப்புகளும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்க முடியும். ஒன்றில் அனுமதித்த பாக்கெட்டை மற்றொன்று எறியலாம். என்எஃப்டி வடிவத்தில் விதிகளைப் பட்டியலிடும்போது "லெகசி டேபிள்களும் இருக்கின்றன, அவற்றைப் பார்க்க லெகசி கட்டளையைப் பயன்படுத்துங்கள்" என்ற எச்சரிக்கை வந்தால் அதைக் கடந்து போகாதீர்கள். கன்டெய்னர்கள் ஓடும் கணினியில் ஹோஸ்ட்டின் பதிப்போடு, ஃபயர்வாலைத் தொடும் ஒவ்வொரு கன்டெய்னருக்குள்ளும் இருக்கும் பதிப்பையும் வடிவத்தையும் தனித்தனியாகப் பாருங்கள்.